கணவாய்க்குப் போன சுளுக்கு

நான் சொன்ன ஒரு பொய்க்கு என் மனைவி டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஒன்றல்ல, இரண்டு. சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கன்னத்தில் கை ஊன்றி என் முகத்தையே பார்த்தாள். பரிசு கொடுத்தவர்கள் பார்ப்பார்களே, அப்படி.

நடந்தது இதுதான். கடைவீதியில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. பக்கத்தில் கடிகாரக் கடை, அதற்கடுத்துப் பேனாக் கடை, எதிரே பூட்டுக் கடை. நாங்கள் நான்கு பேரும் ஒரு வாரம் கடையை மூடிவிட்டு எங்காவது போய் மனம்போல் சீட்டாட வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தோம். இந்த வருஷம் கடிகாரக்கடைக்காரருக்கு நேரம் கூடி வந்தது. ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் அறை பிடித்துவிட்டார். ஜன்னலைத் திறந்தால் ஏரி. மூடினால் சீட்டு.

வீட்டில் என்ன சொல்வது? மற்ற மூன்று பேரும் 'வியாபாரிகள் மாநாடு' என்று சொன்னார்கள். கற்பனை இல்லாத ஜென்மங்கள். மாநாடு என்றால், 'நீங்க உள்ளே தூங்குங்க, நான் ஊரைச் சுத்திப் பாக்கறேன்' என்று என் மனைவி கூடவே கிளம்பிவிடுவாள். அவள் கனவில்கூட வர விரும்பாத இடமாகச் சொல்ல வேண்டும். யோசித்தேன். மலை தோன்றியது.

"நாங்க நாலு பேரும் போறோம். பெரிய மலைம்மா. நடுவுல ஒரு பள்ளத்தாக்கு. ஆறு நாள் நடந்தே போகணும். கடைசில பனி மூடின ஒரு கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கணும்" என்றேன், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு.

"ராத்திரி எங்க படுக்கிறது?"

"கூடாரத்துல. கீழே கல்லு குத்தும்."

"குளியல்?"

"தண்ணியைத் தொட்டா விரல் விறைச்சுப் போயிடும்."

"பாத்ரூம்?"

"பாறைக்குப் பின்னாடி."

"எந்தப் பாறை?"

"அதெல்லாம் அவங்கவங்க இஷ்டம்."

"அப்படியா" என்றாள்.

அவ்வளவுதான், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். என் மனைவியின் 'அப்படியா'வை நம்பி நான் உருப்பட்டதே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் புதிதாக நம்புவேன்.

இப்போது மேசையில் இரண்டு டிக்கெட்.

"நீங்க சொன்னதும் விசாரிச்சேங்க. அப்படியே இருக்குது! அதே பள்ளத்தாக்கு, அதே கணவாய், அதே ஆறு நாள்."

"நிஜமாவே இருக்குதா?" என்று என்னையும் மீறிக் கேட்டுவிட்டேன்.

"ஏன்? நீங்கதானே சொன்னீங்க?"

"இல்ல... இன்னும் இருக்குதான்னு கேட்டேன்."

"மலை எங்கங்க போகும்?"

நியாயமான கேள்வி.

"ஆனா ஒண்ணு. உங்க சிநேகிதங்க மூணு பேரும் அங்க பேர் கொடுக்கவே இல்லையாமே?"

"பயந்துட்டாங்க. கடைசி நேரத்துல கால் நடுங்கிடுச்சு."

"அடப் பாவமே. நீங்க பயப்படலையே?"

"நானா?" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். என் நெஞ்சு எப்போதும் தவறான சமயத்தில்தான் நிமிரும்.

என் மனைவியின் உத்தியோகத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் அவள் நர்ஸ். கணக்குப் பரீட்சையன்று வரும் வயிற்றுவலி, ஓட்டப் பந்தயத்தன்று வரும் தலைசுற்றல், வீட்டுப்பாடம் முடிக்காத நாளில் வரும் பல்வலி எல்லாம் அவளைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அநேகமாகப் போவதில்லை. அவள் யாரையும் திட்டியதாகவும் கேள்விப்பட்டதில்லை. "திட்டினா அழுவாங்க. நல்லாக் கவனிச்சா அவங்களே ஓடிடுவாங்க" என்பாள். இதை நான் சரியான சமயத்தில் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நானோ, புதிய திட்டம் ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன்.

ஹோட்டல் அறை ஒரு வாரத்துக்கு இருக்கிறது. மலையில் இரண்டு நாள் நடப்பது. மூன்றாம் நாள் கௌரவமாகக் கீழே விழுவது. கால் சுளுக்கியவனை மலைமேல் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? கீழே அனுப்பிவிடுவார்கள். மனைவியை வீட்டில் விட்டுவிட்டு, 'நல்ல எலும்பு டாக்டர் ஏரிக்கரையில் இருக்காராம்' என்று நான் மட்டும் போய்ச் சேர்வது. அப்போதும் சீட்டுக்கட்டு சூடாகவே இருக்கும்.

மலையடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். எங்களை அழைத்துப்போக வந்த கைடு ஒல்லியான மனிதர். கழுத்தில் ஒரு விசில். ஒரு தடவை ஊதினால் நட, இரண்டு தடவை ஊதினால் நில். பேச்சு அபூர்வம். அவர் பெயரே எங்களுக்கு 'விசில்' என்று ஆகிவிட்டது. கூடாரங்களையும் சமையல் சாமான்களையும் சுமக்க மூன்று கோவேறு கழுதைகள், அவற்றுக்கு ஒரு கழுதைக்காரர், ஒரு சமையல்காரர். எங்களைத் தவிர நடக்க வந்தவர் ஓர் அம்மாள் மட்டும்தான். தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தலை முழுக்க வெள்ளை. 'இவங்க வேகத்துக்கு நாம மெதுவா நடந்தாப் போதும்' என்று நான் மனைவியிடம் ரகசியமாகச் சொன்னேன். அந்த அம்மாளை அதற்குப் பிறகு நான் பார்த்தது சாப்பாட்டு வேளையில்தான். வாழ்நாள் பூராவும் வீடு வீடாக நடந்த கால். மலையையும் ஒரு மாடி வீடு என்றே நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

பள்ளத்தாக்கு என்று பெயர் வைத்தவன் அனுபவஸ்தன். முதல் நாள் பள்ளம். இரண்டாம் நாள் தாக்கு. என் இடுப்பு, முழங்கால், தோள்பட்டை என்று ஒவ்வொன்றாகத் தாக்கியது. ஆற்றோரமாக ஆரம்பித்த பாதை, ஆற்றை அங்கேயே விட்டுவிட்டு மேலே ஏறியது. ஏறி, வளைந்து, நாம் ஏறி வந்த இடத்தையே மேலிருந்து காட்டிவிட்டு, மறுபடி ஏறியது.

"இறக்கமே இல்லையா?" என்று விசிலிடம் கேட்டேன்.

"எந்த ர? சின்னதா, பெருசா?"

"எதுவா இருந்தாலும் சரி."

"ரெண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு ஒரு தடவை ஊதினார்.

என் மனைவி மெதுவாகத்தான் நடந்தாள். ஆனால் நிற்கவில்லை. ஒரே சீராக, வீட்டில் துணி மடிப்பது மாதிரி நடந்தாள். நான் பாய்ந்து நடந்து, நின்று மூச்சு வாங்கி, மறுபடி பாய்ந்து, பாறையில் சாய்ந்து கிடப்பேன். அவள் என்னைத் தாண்டும்போது, "காட்சி பாக்கறீங்களா?" என்பாள். "ஆமா, என்ன அழகு!" என்பேன். கண்ணை மூடிக்கொண்டு.

மூன்றாம் நாள் காலை ஓர் ஓடையைத் தாண்ட வேண்டியிருந்தது. கற்கள் மேல் கால் வைத்துத் தாண்ட வேண்டும். விழுவதற்கு இதைவிட வசதியான இடம் அமையாது. கரையில் புல் மெத்தென்று இருந்தது. கடைசிக் கல்லில் கால் வைத்தேன். "ஐயோ, அம்மா!" என்று புல்லில் விழுந்தேன். நடிப்பு எனக்கே பிடித்திருந்தது. ஒரு பறவைகூட எழும்பிப் பறந்தது.

மனைவி ஓடி வந்தாள். "எந்தக் கால்?"

"வலது. கணுக்கால். முறுக்கிக்கிச்சு."

தொட்டுப் பார்த்தாள். அழுத்தினாள். "இங்க வலிக்குதா?"

"ஆஆ!"

"இங்க?"

"ஐயையோ!"

"நான் இன்னும் தொடவே இல்லையே."

"தொடப்போறியேன்னுதான்."

"அப்படியா" என்றாள். பையிலிருந்து பட்டைத் துணியை எடுத்து, கணுக்காலில் அழகாகச் சுற்றிக் கட்டினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "எனக்காக நீ கஷ்டப்பட வேண்டாம்மா. மனசைத் தேத்திக்கிட்டு இறங்கிடலாம்" என்றேன்.

விசில் வந்து பார்த்தார். பின்னால் பார்த்தார். முன்னால் பார்த்தார்.

"திரும்பிப் போனாலும் அங்க பஸ் அடுத்த வாரம்தான். தாண்டியே போயிடலாம். கழுதைல உட்காருங்க."

"கழுதையிலா?"

"அதுக்குச் சுளுக்கு இல்லை" என்றார்.

என்னைவிட அந்தக் கழுதை நிலைமையை வேகமாகப் புரிந்துகொண்டது. ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது. அதன் முதுகில் இருந்த பாத்திரங்களை மற்ற இரண்டுக்கும் பிரித்துக் கட்டினார்கள். மிச்சத்தைச் சமையல்காரர் எடுத்துக்கொண்டார். என் பை? அது என் மனைவியின் தோளில் ஏறியது, அவளுடைய பைக்கு மேலேயே.

"நான் வெச்சுக்கறேன், கொடு" என்றேன்.

"கழுதைக்குக் கனக்கும்ங்க. உங்க கனமே போதும்" என்றாள்.

கழுதைச் சவாரி சுகம் என்று நினைத்திருந்தேன். கோவேறு கழுதைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாதை எவ்வளவு அகலமாக இருந்தாலும், அதற்குப் பாதையின் ஓரம்தான் பிடிக்கும். அதுவும் பள்ளத்தின் பக்கத்து ஓரம். சாமான் மூட்டை பாறையில் உரசாமல் நடந்து பழகிய பிராணி. என்னையும் மூட்டை என்றே எடுத்துக்கொண்டது. என் வலது பாதம் பூமிக்கு மேல் இருந்தது. இடது பாதம் ஆகாயத்துக்கு மேல் இருந்தது. கீழே ஆறு நூல் மாதிரி தெரிந்தது.

"ஓரமாப் போகுதே!" என்று கத்தினேன்.

"அது விழாது" என்றார் கழுதைக்காரர்.

"நான்?"

"நீங்க விழுந்தாலும் அது விழாது."

மத்தியானம் கூடாரம் போட்டார்கள். சமையல்காரர் உருளைக்கிழங்கை வட்ட வட்டமாக வறுத்துக்கொண்டிருந்தார். அந்த வாசனையில் மலையே கொஞ்சம் சாய்ந்தது. தட்டோடு உட்கார்ந்தேன். என் தட்டில் மனைவி கஞ்சியை ஊற்றினாள்.

"உருளைக்கிழங்கு?"

"சுளுக்குக்கு எண்ணெய் ஆகாது."

"காலுக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்?"

"நீங்க கண்ணாடியைப் பாத்துக்குங்க. காலை நான் பாத்துக்கறேன்."

தபால் அம்மாள் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து வறுவலை ஒவ்வொன்றாகக் கடித்தார். 'கருக் முருக்' என்று எனக்குக் கேட்கும்படி.

கஞ்சி குடித்த களைப்பில் கூடாரத்தில் தூங்கிப்போனேன். எழுந்தபோது கட்டு புதிதாக இருந்தது. "தளர்ந்திருந்தது. மாத்திக் கட்டினேன்" என்றாள் மனைவி. எழுந்து நிற்கப் போனேன். ஏதோ சரியில்லை. கட்டு இடது காலில் இருந்தது.

பொய்யில் இது ஒரு பெரிய தொந்தரவு. நிஜமான வலி என்றால் காலுக்கே ஞாபகம் இருக்கும். பொய் வலியை நாம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். விழுந்தது வலது காலா, இடது காலா? வலது என்றுதான் சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் கட்டியவள் நர்ஸ். அவள் தவறு செய்வாளா? ஒருவேளை நான் பதற்றத்தில் மாற்றிச் சொல்லியிருப்பேன். கட்டு எங்கேயோ, சுளுக்கு அங்கே. இடது காலை இழுத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

தபால் அம்மாள் என் காலைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். திடீரென்று டீ புரையேறி இருமினார்.

மறுநாள் காலை தைலம் தேய்த்தாள். தைலமா அது! கண்ணில் தண்ணீர் வந்தது. தேய்த்து முடித்துக் கட்டியபோது கட்டு வலது காலுக்குத் திரும்பியிருந்தது. நானும் தயங்காமல் வலது காலுக்கே திரும்பினேன். நடிகனுக்கு வேகம் முக்கியம்.

அன்று ஒரு மேட்டின்மேல் ஏறும்போது, என் மனைவியின் தோளில் இருந்த என் பைக்குள் என் போன் கூவியது. அந்த மேட்டில் மட்டும் சிக்னல் கிடைக்குமாம். எனக்குக் கழுதைமேல் வியர்த்தது.

"என்னங்க, கடிகாரக்கடைக்காரர் செய்தி அனுப்பியிருக்கார்."

"என்... என்னவாம்?"

"'ஒரு கை குறையுது. சீக்கிரம் வா'ன்னு."

கழுதைகூட நின்றுவிட்டது.

"எந்தக் கைங்க?" என்றாள்.

"எந்தக் கைன்னா?"

"குறையுதுங்கறாரே. அடிபட்டிருச்சா?"

"ஆங்! ஆமா. வலது கை. பெரிய சுவர்க் கடிகாரம் ஒண்ணை மாட்டும்போது, மேலயே விழுந்துடுச்சு."

"அப்புறம் எப்படி இதை அடிச்சார்?"

"இடது கையால."

"கெட்டிக்காரர். உங்களுக்குக் கால், அவருக்குக் கை. கடைவீதில ஒரு முழு ஆள் வேணும்னா ரெண்டு கடை ஏறி இறங்கணும் போல."

அவள் விரல் போனில் தட்டிக்கொண்டிருந்தது.

"என்ன பண்றே?"

"பதில் போட்டுட்டேன். 'கையைத் தூக்கிக் கட்டி வையுங்க. ஒரு வாரம் எதையும் பிடிக்கக்கூடாது, காகிதம்கூட. இப்படிக்கு, நர்ஸ்'னு."

ஏரிக்கரையிலிருந்து அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

மேட்டைத் தாண்டியதும் ஒரு புல்வெளி. எனக்கு வர்ணிக்கத் தெரியாது. கடையில் வாடிக்கையாளருக்கு எழுத்துப் பலகையைக் காட்டி 'இது தெரியுதா, அது தெரியுதா' என்று கேட்டே பழகியவன். மஞ்சளும் ஊதாவுமாகப் பூ, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை. அதற்குப் பின்னால் பனி. என்னைக் கழுதையிலிருந்து இறக்கி, ஒரு கம்பளியின் மேல் மூட்டை மாதிரி வைத்தார்கள். மற்றவர்கள் பூக்களுக்கு நடுவே நடந்தார்கள். என்னால் எப்படிப் போக முடியும்? எனக்குத்தான் சுளுக்காயிற்றே.

கொஞ்ச நேரத்தில் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பைகளின் பட்டையும் அழுத்தி அவள் தோளில் சிவந்த தடம். ஷூவைக் கழற்றிவிட்டுக் காலைப் புல்லில் நீட்டினாள்.

"எங்க நோயாளி ரூம்ல ஒரே ஒரு ஜன்னல்தாங்க" என்றாள். "திறந்தா எதிரே சுவர். இத்தனை வருஷமா அந்தச் சுவரைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். அதுல எங்க விரிசல், எங்க காரை பேந்திருக்குன்னு அத்தனையும் தெரியும். நீங்க இந்த மலையைப் பத்திச் சொன்னப்ப, அட, நம்ம வீட்டுக்காரர் இப்படியெல்லாம் யோசிக்கறாரேன்னு சந்தோஷமா இருந்துச்சு."

இவளைத்தான் பாதியில் கீழே இழுத்துக்கொண்டு போகப் பார்த்தேன். என் கால், எந்தக் கால் என்று எனக்கே நிச்சயமில்லாத அந்தக் கால், உண்மையாகவே லேசாக வலித்த மாதிரி இருந்தது.

"நாளைக்கு நீங்க நடந்து கணவாயைத் தாண்டணும்னு எனக்கு ஆசை" என்றாள். "ஆனா சுளுக்கு அப்படிச் சட்டுனு போகாதே. இன்னும் ரெண்டு வாரம் கஞ்சிதான்."

"ரெண்டு வாரமா?"

"குறைஞ்சது."

அடுத்த நாள் கணவாய். விடிந்ததும் கிளம்பிவிட்டோம். பாதை மலையின் விலாவில் ஒரு கோடு போட்ட மாதிரி போயிற்று. ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் ஒன்றுமே இல்லை. கட்டு அன்று இடது காலில் இருந்தது. நான் கழுதைமேல், கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன். திடீரென்று கழுதை நின்றது. கண்ணைத் திறந்தேன். பள்ளத்தின் விளிம்புக்கு வெளியே, கொஞ்சம் கீழே, ஒரு முட்செடி பச்சென்று தழைத்திருந்தது. கழுதை அதை ஆசையாகப் பார்த்தது. கழுத்தை நீட்டியது. எட்டவில்லை. முன்காலை மடக்கிக் குனிந்தது. நானும் கூடவே குனிந்தேன். எனக்கும் ஆற்றுக்கும் நடுவில் அதன் இரண்டு காதுகள் மட்டும்தான் இருந்தன.

அடுத்து என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நான் பாறைப் பக்கமாகக் குதித்தேனாம். குதித்த வேகத்தில் ஓடினேனாம். சமையல்காரரைத் தாண்டினேன், விசிலைத் தாண்டினேன். அவர் இரண்டு தடவை ஊதியும் நிற்கவில்லை. அதுவரை யாராலும் எட்டிப் பிடிக்க முடியாத தபால் அம்மாளையே தாண்டி, பனி ஆரம்பிக்கும் இடத்தில் போய்த்தான் நின்றேன். இரண்டு காலிலும் சமமாக.

எல்லோரும் கை தட்டினார்கள். மனைவி ஒரே சீராக நடந்து வந்து சேர்ந்தாள்.

"அட! சரியாப் போச்சா?"

சட்டென்று காலை உதறிப் பார்த்தேன். "ஆச்சரியமா இருக்கும்மா! இந்தக் காத்துல ஏதோ மூலிகை இருக்கு. ஒரே இழுப்பு இழுத்தேன். நரம்பு 'டக்'குனு உட்கார்ந்துடுச்சு."

"இருக்கும், இருக்கும். எங்க ஸ்கூல்லயும் அப்படித்தான். கடைசி மணி அடிக்கிற காத்து பட்டதும் எல்லா வயித்துவலியும் போயிடும்."

நம்பிவிட்டாள்! பெருமையோடு குனிந்து கட்டை அவிழ்த்து எறிந்தேன். அவள் தோளிலிருந்து என் பையை வாங்கினேன். அவளுடையதையும் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றாள். பிடுங்கிக்கொண்டேன். இது நடிப்பில்லை.

பனிமேல் சேர்ந்து நடந்தோம். உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. என் தொப்பி பறந்து, அடுத்த மலைக்குப் போய்விட்டது. கழுதைக்காரர் தன்னிடமிருந்த பழைய குல்லா ஒன்றையும், முரட்டுக் கம்பளி ஒன்றையும் கொடுத்தார். போட்டுக்கொண்டேன். இரண்டு பக்கமும் மலை, மலைக்குப் பின்னால் மலை. என் மனைவி வாயைத் திறந்தபடி நின்றாள். கண்ணில் தண்ணீர். காற்றினால்தான் என்றாள்.

"இதுக்கு ஏன் கணவாய்னு பேர் வெச்சாங்க?" என்று கேட்டாள்.

தபால் அம்மாள் பதில் சொன்னார். "கணவன் வாயை மூடிக்கிற இடம்மா."

அன்று என்னவோ மூடிக்கொண்டுதான் இருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

மறுபக்கம் இறக்கம். கொஞ்ச தூரம் போனதும் மனைவி உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு லேசாக் கால் வலிக்குதுங்க."

"எந்தக் கால்?"

"ரெண்டும்."

பாவம், எத்தனை நாள் இரண்டு பை சுமந்தாள்! என் கழுதை காலியாகத்தானே வருகிறது? ஏறி உட்காரச் சொன்னேன். மறுபேச்சுப் பேசாமல் ஏறினாள். கழுதைக்காரரும் சமையல்காரரும் விசிலும் கீழே கூடாரம் போடுவதற்காக மற்ற இரண்டு கழுதைகளோடு முன்னால் போயிருந்தார்கள். தபால் அம்மாளும் கண்ணுக்குத் தெரியவில்லை. கயிற்றை நானே பிடித்துக்கொண்டேன்.

மூன்று நாள் சவாரியில் அந்தக் கழுதையின் குணம் எனக்கு அத்துப்படி. அது ஓரத்துக்குப் போகும்போதெல்லாம் "ஹேய், ஹேய்" என்று பாறைப் பக்கம் இழுத்தேன். முட்செடியைக் கண்டால் கண்ணை மறைத்தேன். வழுக்கும் இடத்தில் நின்று நிதானமாக இறக்கினேன். மேலே அவள் கால்மேல் கால் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்தாள். சமையல்காரர் தனியாக எடுத்து வைத்திருந்த உருளைக்கிழங்கு வறுவலைப் பொட்டலத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டாள். கேட்டதற்கு, எனக்கும் இரண்டு கொடுத்தாள்.

எனக்கு நெஞ்செல்லாம் பெருமை. கல்யாணமான நாளிலிருந்து இப்போதுதான் நான் முன்னால், அவள் பின்னால். நான் காட்டும் வழியில் அவள் வருகிறாள். திட்டம் எப்படியோ தடம் மாறினாலும், கடைசியில் ஒரு கௌரவமான இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். சுளுக்கு நாடகத்தையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கீழே, மரங்கள் ஆரம்பிக்கும் இடத்தில், எதிர்த் திசையிலிருந்து மேலே ஏறும் ஒரு கூட்டம் வந்தது. புது ஷூ, புது பை. முன்னால் வந்த அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே நின்று, எங்களுக்கு வழி விட்டார். நான் கழுதையை லாவகமாக ஒதுக்கி நடத்தினேன். அந்த அம்மாள் என் குல்லாவைப் பார்த்தார். கம்பளியைப் பார்த்தார். கயிற்றைப் பிடித்த பக்குவத்தையும் பார்த்தார். பிறகு மேலே நிமிர்ந்து என் மனைவியிடம் கேட்டார்.

"உங்க கழுதைக்காரர் எவ்வளவு பதமாக் கூட்டிக்கிட்டு வர்றார்! எங்களுக்கும் ஒருத்தர் தேவைப்படுது. வருவாரா?"

நான் சிரித்துக்கொண்டே நின்றேன். 'ஐயோ, அவர் என் வீட்டுக்காரர்ங்க' என்று அவள் பதறிப்போய்ச் சொல்வாள். அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்பார். நான் பெருந்தன்மையாகக் கையசைத்துவிடலாம் என்று காத்திருந்தேன். என் மனைவி என்னை உச்சி முதல் உள்ளங்கால்வரை ஒரு தடவை அளந்தாள்.

"தாராளமாக் கூட்டிக்கிட்டுப் போங்க. நல்ல உழைப்பாளி. நடுவழியில சுளுக்குன்னு உட்கார்ந்தா மட்டும், எந்தக் கால்னு ரெண்டு தடவை கேட்டுக்குங்க."